உடற்பருமன்: நடையா, ஊசியா, ஒப்பரேசனா? யாழ்ப்பாணத்தில் இருந்து முடிவெடுப்பவருக்கு

வெளிநாட்டில் இருந்து வரும் பெட்டிக்குள் சொக்லேற்றுக்கும் சம்பூவுக்கும் நடுவில் இப்போது இன்னொரு சாமானும் வரத் தொடங்கியிருக்கிறது: மெலிவதற்கான ஊசி. கனடாவில் மச்சாளுக்கு உடுப்பெல்லாம் தொளதொளத்துப் போச்சாம், லண்டனில் சித்தப்பாவுக்குச் சலரோகக் குளிசையே நின்றதாம் என்ற கதைகளும் கூடவே வருகின்றன. இன்னொரு பக்கம், சென்னைக்குப் போய் இரைப்பையைச் சிறிதாக்கிக்கொண்டு வந்தவர்களைப் பற்றிய பேச்சு. இவற்றுக்கு நடுவே, "வாயைக் கட்டினால் எல்லாம் தானாகக் குறையும்" என்று சொல்லும் வீட்டுப் பெரியவர்கள். மூன்று பக்கமும் கேட்டுக் குழம்பிப்போய் இருப்பவருக்காக இதை எழுதுகிறேன்.

என் நிலைப்பாட்டை முதலே சொல்லிவிடுகிறேன். எந்த வழி கூடக் குறைக்கும் என்று மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் உடம்பில் ஏற்கெனவே என்ன பழுது தொடங்கிவிட்டது, எந்த வழியை ஐந்து வருசம் கழித்தும் விடாமல் பிடித்திருக்க உங்களால் முடியும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்தால் தெரிவு பாதிக்கு மேல் முடிந்துவிடும்.

முதலில் அளவு நாடா

பி.எம்.ஐ என்று எல்லோரும் சொல்லும் உடற்திணிவுச் சுட்டி, கிலோவில் உள்ள நிறையை மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வருவது. 158 சென்ரிமீற்றர் உயரமும் 82 கிலோ நிறையும் உள்ள ஒரு பெண்ணுக்கு அது ஏறக்குறைய 33. இந்தப் பெண்ணையே கட்டுரை முழுக்க உதாரணமாக வைத்துக்கொள்வோம். பொதுவான அட்டவணைகளில் 25 இற்கு மேல் கூடிய நிறை, 30 இற்கு மேல் பருமன் என்று இருக்கும். எங்களுக்கு அந்தக் கணக்கு போதாது. தெற்காசியர்களுக்குக் குறைந்த நிறையிலேயே வயிற்றுக் கொழுப்பும் சலரோகமும் வருவதால், 23 இலேயே கவனம் வேண்டும், 27.5 இல் ஆபத்து உயர்ந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல் சொன்னது.

இடுப்புச் சுற்றளவு இன்னும் நேரான செய்தியைத் தரும். ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் எங்களவருக்கான எல்லை. அளக்கும் இடத்தில்தான் பலர் பிழை விடுகிறார்கள். உள்பாவாடை நாடா கட்டும் இடமும் காற்சட்டைப் பட்டி நிற்கும் இடமும் வயிற்றுக்குக் கீழே இறங்கியிருக்கும். கடைசி விலா எலும்பைத் தடவிப் பாருங்கள், இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத் தடவிப் பாருங்கள், இரண்டுக்கும் சரி நடுவில் நாடாவைச் சுற்றி, மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்டபின் வாசியுங்கள். சட்டைக்கு மேலால் அளக்க வேண்டாம்.

அதன்பிறகு பரிசோதனைகள்: வெறுவயிற்றுச் சீனி அல்லது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.வன்.சி, பிறசர், கொலஸ்ட்ரோல், ஈரல் பரிசோதனை, தைரொயிட். குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோய் பருமனோடு கூடி வருவது, கவனிக்காமல் விட்டால் இருதயத்தைப் பாதிப்பது. முழங்கால் தேய்வு, பித்தப்பைக் கல், மாதவிடாய்க் குழப்பம், சில வகைப் புற்றுநோய்கள் என்று பட்டியல் நீளும். நீங்கள் எடுக்கும் மருந்துகளையும் காட்டுங்கள். ஸ்ரீரொயிட், இன்சுலின், வலிப்புக்கும் மனநோய்க்கும் கொடுக்கும் சில மருந்துகள் நிறையைக் கூட்டும். சில வேளை மருந்தை மாற்றுவதே முதல் சிகிச்சை. ஆரம்பப் பரிசோதனைகளில் பல அரச வைத்தியசாலைகளில் உள்ள சுகவாழ்வு நிலையங்களில் காசில்லாமல் கிடைக்கும்.

வாயைக் கட்டச் சொல்பவர்களுக்கு

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் எரிபொருள் தடை இருந்தபோது வாத்தியாரும் வைத்தியரும் கோயில் ஐயரும் சைக்கிளில்தான் ஓடினார்கள். தொட்டிலடியில் இருந்து சந்தை வரைக்கும் மிதிதான். இன்றைக்கு அதே ஒழுங்கையில் கடைக்குப் போகவும் ஸ்கூட்டி. அந்தத் தலைமுறைக்கு மனவுறுதி இருந்தது, இந்தத் தலைமுறைக்கு இல்லை என்று சொல்வது நியாயமில்லை. சூழல் மாறியது, உடம்பு மாறவில்லை.

அந்த உடம்பு நிறை குறைவதை ஒரு பஞ்சமாகவே எடுத்துக்கொள்கிறது. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்ரின் என்ற ஹோர்மோன் 1994 இல் கண்டுபிடிக்கப்பட்டது. கொழுப்பு குறைந்தால் அதுவும் குறைந்து, மூளைக்குப் பசிச் செய்தி போகும். இரைப்பையில் சுரக்கும் கிரெலின் கூடும். 2011 இல் அவுஸ்திரேலியாவில் இருந்து வெளியான ஓர் ஆய்வில், கடும் உணவுக் கட்டுப்பாட்டால் மெலிந்தவர்களை ஒரு வருசம் கழித்துப் பார்த்தபோதும் இந்த ஹோர்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை, பசியும் கூடியே இருந்தது. மெலிந்தவர் திரும்பப் பருப்பதற்கு இதுதான் பெரிய காரணம். "திரும்பவும் ஊதிப்போனாய்" என்று கலியாண வீட்டில் சபை நடுவே சொல்பவர்கள் இதைக் கட்டாயம் அறிய வேண்டும்.

சாப்பாடும் நடையும்

இந்த வழியை நான் மலிவானது என்பதற்காக முதலில் வைக்கவில்லை. மற்ற இரண்டு வழிகளும் இதன்மேல்தான் நிற்கின்றன. 2002 இல் வெளியான அமெரிக்காவின் சலரோகத் தடுப்பு ஆய்வில், உடல் நிறையில் 7 வீதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பது என்ற இலக்கோடு இருந்தவர்களுக்குச் சலரோகம் வரும் வாய்ப்பு 58 வீதம் குறைந்தது. மெற்போமின் என்ற சலரோகக் குளிசை எடுத்தவர்களுக்கு 31 வீதம். 82 கிலோப் பெண்ணுக்கு 7 வீதம் என்பது ஆறு கிலோவுக்கும் குறைவு. கண்ணாடியில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஈரலுக்கும் கணையத்துக்கும் தெரியும்.

எங்கள் சாப்பாட்டில் எங்கே கை வைப்பது? இடியப்பம் எத்தனை என்று எண்ணுபவர்கள் தேத்தண்ணியை எண்ணுவதில்லை. ஒரு நாளைக்கு ஐந்து பால் தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் 40 கிராமுக்குக் குறையாது. சேர்க்கும் சீனியை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 25 கிராமுக்குள் வைத்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வீட்டுக்கு வந்தவருக்கு நெக்ரோ சோடாவும் பிஸ்கற்றும், வேலை விட்டு வரும்போது கடையில் ஒரு ரோல்ஸ், இரவு கொத்துரொட்டி என்பவை இதற்கு மேலதிகம்.

இரவுப் புட்டை நிறுத்தத் தேவையில்லை. கோப்பையைப் பாருங்கள்: முக்கால்வாசி புட்டு, ஒரு ஓரத்தில் கறி, மேலே சொதி. அதைத் திருப்பிப் போடுங்கள். கோப்பையில் பாதிக்கு முருங்கைக்கீரை, வெண்டிக்காய், பயித்தங்காய், கால்வாசிக்கு மீனோ முட்டையோ பயறோ, மீதிக் கால்வாசிக்குப் புட்டு. குரக்கன் புட்டு நல்லதுதான், ஆனால் குரக்கன் என்று சொல்லி இரண்டு மடங்கு சாப்பிட்டால் பலனில்லை. சொதியில் முதற்பாலைக் குறைத்து இரண்டாம் பாலில் இறக்கலாம். சைவச் சாப்பாடு மட்டும் எடுப்பவர்கள் புரதத்துக்குத் தனிக் கவனம் வைக்க வேண்டும். பருப்புக் கறியைத் தண்ணியாகக் கரைத்து ஊற்றினால் அது புரதக் கணக்கில் வராது.

நடப்பதற்குப் பண்ணைக் கடற்கரை இருக்கிறது, ஊருக்கு ஊர் விளையாட்டு மைதானம் இருக்கிறது. பெண்கள் பலர் வெளியில் தனியே நடக்கக் கூச்சப்படுவது உண்மை. இரண்டு மூன்று பேர் சேர்ந்து விடிய ஐந்தரைக்குப் போகத் தொடங்கினால் அது நிலைப்பதைக் கண்டிருக்கிறேன். தனியே தொடங்கியவர்கள் மாரி மழை தொடங்க விட்டுவிடுகிறார்கள்.

இதே வழியின் கடும் வடிவமும் உண்டு. பிரித்தானியாவில் நடந்த டைரெக்ற் ஆய்வில், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 850 கலோரி மட்டும் தரும் பானங்களை மூன்று முதல் ஐந்து மாதம் கொடுத்து, பிறகு மெதுவாகச் சாப்பாட்டுக்குத் திரும்பவைத்தார்கள். சலரோகம் வந்து ஆறு வருசத்துக்குள் இருந்தவர்களில் 46 வீதத்தினருக்கு ஒரு வருச முடிவில் மருந்தில்லாமலே சீனி சாதாரண நிலைக்கு இறங்கியது. இரண்டாம் வருசத்தில் அது 36 வீதம். சலரோகம் புதிதாக வந்தவருக்கு இது பெரிய நம்பிக்கை. வீட்டில் தானாகப் பட்டினி கிடந்து செய்யக்கூடிய வேலை இல்லை. குளிசைகளை முன்கூட்டியே வைத்தியர் குறைக்க வேண்டும்.

இந்த வழியின் பலவீனம் வெளிப்படை. பெரும்பாலானோருக்கு 5 முதல் 10 வீதம் குறையும், அதிலும் கொஞ்சம் திரும்பி வரும். பி.எம்.ஐ 38 உள்ளவரிடம் "இன்னும் கொஞ்சம் நடவுங்கோ" என்று வருசக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருப்பது சிகிச்சையே இல்லை.

ஊசி

செமகுளுரைட், ரிர்செபரைட் என்பவை இப்போது பேசப்படும் இரண்டு மருந்துகள். ஒசெம்பிக், வீகோவி என்பவை முதலாவதின் வணிகப் பெயர்கள், மௌஞ்சாரோ இரண்டாவதினது. சாப்பிட்டபின் குடலில் சுரக்கும் ஹோர்மோன்களைப் போல வேலை செய்து பசியைத் தணிக்கின்றன, இரைப்பை காலியாவதை மெதுவாக்குகின்றன. வாரத்துக்கு ஒரு ஊசி, பேனை போன்ற ஒரு கருவியால் போடுவது.

பலன் பெரியது. 2021 இல் வெளியான ஆய்வில் செமகுளுரைட் 2.4 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு 68 வாரத்தில் சராசரியாக 14.9 வீதம் குறைந்தது. எங்கள் உதாரணப் பெண்ணுக்கு அது 12 கிலோ. ரிர்செபரைட்டின் உச்ச அளவில் 72 வாரத்தில் 20.9 வீதம், அதாவது 17 கிலோ. இருதய நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இருதய மரணம் ஆகியவற்றைச் செமகுளுரைட் 20 வீதம் குறைத்தது என்பது 2023 இல் தெரியவந்தது. இந்த வகை மருந்துகளை அலட்சியமாகத் தள்ள முடியாது.

ஆனால் யாழ்ப்பாணத்து வாசகர் கவனிக்க வேண்டியது வேறொன்று. மேலே சொன்ன 14.9 வீதமும் 20.9 வீதமும் சலரோகம் இல்லாதவர்களிடம் கண்டவை. சலரோகம் உள்ளவர்களுக்குச் செமகுளுரைட் தந்தது 9.6 வீதம்தான், ரிர்செபரைட் 14.7 வீதம். எங்கள் வீடுகளில் ஊசியை விரும்புபவர்களில் பலருக்குச் சலரோகம் இருக்கிறது. கனடா மச்சாளுக்கு இறங்கிய அளவு உங்களுக்கும் இறங்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

அடுத்தது நிறுத்துவது. செமகுளுரைட்டை நிறுத்தியவர்களை ஒரு வருசம் தொடர்ந்து பார்த்தபோது, குறைந்த நிறையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. 12 கிலோ போனால் 8 கிலோ வந்துவிடும். பிறசர்க் குளிசையை நிறுத்தினால் பிறசர் ஏறுவதைப் போலத்தான் இதுவும். ஆகவே ஒரு மாதச் செலவைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். அதைப் பன்னிரண்டால் பெருக்கி, குறைந்தது இரண்டு மூன்று வருசத்துக்குக் குடும்பம் தாங்குமா என்று பாருங்கள். வெளிநாட்டுச் சகோதரம் அனுப்புவார் என்றால், அவர் வேலை மாறினாலும் அனுப்புவாரா என்று மனம் விட்டுக் கதையுங்கள்.

ஒரு கிளினிக் வாசலில் கேட்ட பேச்சு இது.

"எப்ப இருந்து சத்தி, அக்கா?"

"ஊசி போட்ட அடுத்த நாள் தொடங்கினது, மிஸ். தங்கச்சிதான் பேனையைக் கொண்டந்தவ. அவ போடுற அளவைத்தான் நானும் போட்டனான்."

தங்கச்சி மாதக்கணக்காகப் படிப்படியாக ஏறி வந்த அளவு அது. செமகுளுரைட்டை வாரம் 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நாலு வாரத்துக்கு ஒரு தடவைதான் உயர்த்துவார்கள். எடுத்த எடுப்பில் மேல் அளவுக்குப் போனால் சத்தியும் வயிற்றோட்டமும் நீர் வற்றலும் வரும், அதனால் சிறுநீரகம் பாதிக்கப்படவும் கூடும்.

சேமிப்பும் எங்கள் ஊரில் சின்ன விசயம் இல்லை. திறக்காத பேனை 2 முதல் 8 பாகை வெப்பத்தில் இருக்க வேண்டும். விமானத்தின் அடியில் போகும் பெட்டியில் வைத்தால் உறைந்துபோகலாம், உறைந்த ஊசியைப் போடக்கூடாது. திறந்த ஒசெம்பிக் பேனையை 30 பாகைக்குக் கீழே ஆறு முதல் எட்டு வாரம் வரை வைக்கலாம் என்கிறார்கள். சித்திரை வெயிலில் யாழ்ப்பாணத்து அறையொன்று மத்தியானத்தில் 30 ஐத் தாண்டிவிடும். குளிர்சாதனப் பெட்டியின் நடுத் தட்டில் வையுங்கள், பனிக்கட்டி உறையும் பகுதியை ஒட்டி வேண்டாம். போலி ஒசெம்பிக் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2024 ஆனியில் எச்சரித்தது, ஆகவே முகப்புத்தகத்தில் விற்பவரிடம் வாங்க வேண்டாம். தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிவான மருந்தை, வைத்தியரின் துண்டோடு, பதிவுள்ள பாமசியில் வாங்குங்கள்.

யாருக்குக் கூடாது? குடும்பத்தில் மெடுலரி வகைத் தைரொயிட் புற்றுநோய் இருந்தவர்களுக்கு, கர்ப்பிணிகளுக்கு. கணைய அழற்சி வந்தவர்களுக்கும் பெரும்பாலும் தவிர்ப்பார்கள். கிளிக்கிளசைட் போன்ற சலரோகக் குளிசையோ இன்சுலினோ எடுப்பவருக்கு ஊசியைச் சேர்த்தால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். கந்தசஷ்டி விரதம் பிடிப்பவர்கள் இதை வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சலரோகக்காரர் தொடங்க முன் கண் விழித்திரையைப் பார்ப்பதும் அவசியம், ஏனென்றால் சீனி திடீரென இறங்கும்போது ஏற்கெனவே உள்ள விழித்திரைப் பழுது கூடலாம். வேறு எதற்காவது மயக்க மருந்து கொடுக்கப் போகிறார்கள் என்றால் ஊசி போடுவதை மறைக்காதீர்கள்.

ஒப்பரேசன்

இதைப் பற்றித்தான் எங்களிடம் தேவையில்லாத பயம் கூட. இன்று கூடுதலாகச் செய்யப்படுவது இரைப்பையின் ஏறக்குறைய 80 வீதத்தை நீக்கி ஒரு குழாய் போல ஆக்கும் ஸ்லீவ் சத்திரசிகிச்சை. மற்றது பைபாஸ்: இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு சின்னப் பையை மட்டும் விட்டு, அதை நேராகச் சிறுகுடலோடு பொருத்துவது. இரண்டும் சின்னத் துளைகளால் கமரா வைத்துச் செய்பவை. பழக்கமுள்ள நிலையங்களில் உயிராபத்து ஆயிரத்தில் ஒன்று இரண்டு என்ற அளவில்தான், பித்தப்பை ஒப்பரேசனுக்குக் கிட்ட.

முதல் ஒன்றிரண்டு வருசத்தில் உடல் நிறையில் 25 முதல் 30 வீதம் குறைவது வழக்கம். உதாரணப் பெண்ணுக்கு 20 கிலோவுக்கு மேல். நிலைக்கிறதா என்பதுதான் கேள்வி. சலரோகமும் பருமனும் உள்ளவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த நான்கு ஆய்வுகளைச் சேர்த்து ஏழு வருசம் பின்தொடர்ந்தபோது, ஒப்பரேசன் செய்தவர்களுக்கு 19.9 வீதக் குறைவு நின்றது, உணவு, நடை, மருந்தோடு இருந்தவர்களுக்கு 8.3 வீதம். 2024 இல் வெளியான முடிவு இது. விட்டுவிட்டால் திரும்பிவிடும் ஊசியோடு ஒப்பிடும்போது, நீண்ட காலத்துக்கு இதுவே கூடுதலாக நிலைக்கும் வழி என்பது என் கணிப்பு.

ஸ்லீவா பைபாஸா என்று தெரிவு செய்யும்போது நெஞ்செரிவை மறக்காதீர்கள். பின்லாந்தில் பத்து வருசம் பின்தொடர்ந்தபோது உணவுக்குழாய் அழற்சி ஸ்லீவ் செய்தவர்களில் 31 வீதத்தினருக்கு, பைபாஸில் 7 வீதத்தினருக்கு. ஏற்கெனவே புளித்த ஏப்பமும் நெஞ்செரிவும் உள்ளவர் ஸ்லீவைத் தெரிவதற்கு முன் அகநோக்கிப் பரிசோதனை (எண்டொஸ்கோப்பி) செய்து பேச வேண்டும்.

2022 இல் புதுப்பிக்கப்பட்ட சர்வதேச வழிகாட்டல்படி பி.எம்.ஐ 35 இற்கு மேல் வேறு நோய் இல்லாவிட்டாலும் ஒப்பரேசன் பரிந்துரைக்கலாம், ஆசியர்களுக்கு 27.5 இல் இருந்தே யோசிக்கலாம். "எல்லாம் செய்து பார்த்துக் கடைசியாக ஒப்பரேசன்" என்ற பழைய பேச்சு இனிப் பொருந்தாது.

இங்கே யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கு இன்னொரு சுமை உண்டு. இதற்காகக் கொழும்புக்கோ சென்னைக்கோ போகிறவர்கள்தான் அதிகம். 2019 இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபின் சென்னை கிட்டவாகிவிட்டது. ஆனால் சிகிச்சை ஒப்பரேசனோடு முடிவதில்லை. விற்றமின், இரும்பு, கல்சியம் வாழ்நாள் முழுக்க எடுக்க வேண்டும், வருசா வருசம் இரத்தப் பரிசோதனை வேண்டும். சைவச் சாப்பாட்டுக்காரருக்கும் மெற்போமின் எடுப்பவருக்கும் பி 12 ஏற்கெனவே குறைவாக இருப்பது சாதாரணம். ஒப்பரேசனுக்குப் பிறகு பி 12 ஊசியாகவே தேவைப்படலாம். ஒரு நாளைக்கு 60 கிராம் புரதம் வேண்டும் என்பதும் சின்ன வயிற்றுக்குக் கடினமான வேலை. ஆகவே ரிக்கெற் போட முன் யாழ்ப்பாணத்தில் உங்களைத் தொடர்ந்து பார்க்க ஒரு வைத்தியர் சம்மதித்திருக்க வேண்டும். விடாத சத்தி, வயிற்றுவலி வந்தால் இரவு பத்து மணிக்கு யாரிடம் போவது என்றும் தெரிந்திருக்க வேண்டும்.

சின்ன வழிகள்

ஒர்லிஸ்ரற் குளிசை சாப்பாட்டுக் கொழுப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றை உறிஞ்சாமல் தடுக்கும். எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட நாளில் வயிறு இளகி எண்ணெயாகப் போகும், நிறை கொஞ்சம்தான் குறையும். இரைப்பைக்குள் வைக்கும் பலூனை ஆறு மாதத்தில் எடுத்துவிடுவார்கள், பிறகு நிறை திரும்புவது வழக்கம். மெலிய வைக்கும் பொடிகளையும் "மூலிகைக்" குளிசைகளையும் தொடவே வேண்டாம். 2010 இல் இருதய ஆபத்தால் சந்தையில் இருந்து எடுக்கப்பட்ட சிபுற்றமின் இப்படியான பொடிகளுக்குள் களவாகக் கலக்கப்பட்டது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது.

யார் எதை எடுப்பது

பி.எம்.ஐ 26, ஈரலில் கொழுப்பு, சீனி எல்லையில் என்று வருபவருக்கு நான் ஊசியைச் சொல்லமாட்டேன். ஆறு மாதம் ஒழுங்கான சாப்பாடும் நடையும், பிறகு அதே பரிசோதனைகளைத் திரும்பச் செய்து பார்ப்பது. குறையாவிட்டால் அடுத்த படியைக் கதைக்கலாம்.

33 இல் நிற்கும் எங்கள் உதாரணப் பெண்ணுக்குச் சலரோகமும் வந்து இரண்டு மூன்று வருசம் என்று வைத்துக்கொண்டால், அவருக்குத்தான் தெரிவு கடினம். சீனியை முழுக்கத் திருப்ப இன்னும் காலம் இருக்கிறது. மேற்பார்வையோடு கடும் உணவுத் திட்டம் செய்ய மனமும் வீட்டு ஒத்துழைப்பும் இருந்தால் அது. மாதச் செலவு உறுதி என்றால் ஊசி. இரண்டும் இல்லாமல் நாலைந்து வருசத்தைக் கடத்துவதை விட ஒப்பரேசன். கணவனும் மாமியும் கிளினிக்குக்கு ஒருதரம் கூடவே வந்தால் நல்லது, ஏனென்றால் புட்டு அளவை மாற்றப்போவது முழு வீடும்.

38, இன்சுலின், தூக்கத்தில் மூச்சடைப்பு என்று இருப்பவர் சத்திரசிகிச்சை நிபுணரை இந்த வருசமே சந்திக்கட்டும்.

பிள்ளைக்காகக் காத்திருக்கும் பெண்களுக்குக் கணக்கு வேறு. சூலகத்தில் நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு 5 முதல் 10 வீதம் குறைந்தாலே மாதவிடாய் ஒழுங்காகி முட்டை வெளிவரத் தொடங்கலாம். செமகுளுரைட்டைக் கர்ப்பத்துக்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும்; ரிர்செபரைட் கர்ப்பத்தடைக் குளிசையின் பலனைக் குறைக்கும், ஆகவே தொடங்கும்போதும் அளவு கூட்டும்போதும் வேறு தடுப்பும் வேண்டும். ஒப்பரேசன் என்றால் 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். முப்பத்தெட்டு வயதில் ஒருவருக்கு அந்த ஒன்றரை வருசம் மிகப் பெரியது. அவர் மெலிவது பற்றிக் கேட்கும் முதல் வைத்தியர் மகப்பேற்று நிபுணராக இருக்கட்டும், மற்ற முடிவுகளை அவர் சொல்லும் திகதியில் இருந்து பின்னோக்கி எண்ணி எடுக்கலாம்.